அப்பாவுக்கு ரீபியாம், கோப்பையை வேறயாக்கினால் காணுமோ?

வடமராட்சியில இருந்து ஒரு தங்கச்சி எழுதியிருக்கிறா. பேர் போடவேண்டாம் எண்டு கேட்டவ, ஊரையும் நான் விட்டிட்டன். நீளக் கடிதம், சுருக்கிச் சொல்லுறன்.

அப்பாவுக்கு 62 வயசு, மேசன் வேலை, பத்து வருசமா சீனி வருத்தம், சுருட்டுப் பழக்கமும் இருக்கு. கார்த்திகையில துவங்கின இருமல் தைப்பொங்கல் கழிஞ்சும் நிக்கேல்ல. ஒரு பிரைவேட் கிளினிக்கில திரும்பத் திரும்ப அன்ரிபயோட்டிக்கும் பாணி மருந்தும் குடுத்திருக்கினம், குறையேல்ல. பேந்து மெலிஞ்சு மெலிஞ்சு சாறம் இடுப்பில நிக்காத அளவுக்கு வந்தாப்பிறகு மந்திகை ஆசுப்பத்திரிக்குக் கொண்டுபோக, எக்ஸ்ரேயும் சளியும் பார்த்து சயரோகம், அதுதான் ரீபி, எண்டு சொல்லியிருக்கினம். இப்ப குளிசை துவங்கிப் பத்து நாள். அம்மா அண்டைக்கே அப்பாவின்ர கோப்பை, கிளாஸ், பாய் எல்லாத்தையும் வேறயாக்கி, வளவுக்குப் பின்னால விறகும் சீமெந்துப் பையும் அடுக்கிற கொட்டிலுக்க அவரைப் படுக்க விட்டிட்டா. மூண்டரை வயசு மகன் அம்மப்பாவிட்டப் போகோணும் எண்டு அழுறான். கைப்பிள்ளைக்கு ஐஞ்சு மாதம், தாய்ப்பால் குடிக்குது. அப்பாவுக்குச் சலம் செம்மஞ்சளாப் போகுது எண்டு கேள்விப்பட்ட பக்கத்து வீட்டுக்காரர் "கிட்னி பழுதாகப்போகுது, உந்தக் குளிசையை நிப்பாட்டு" எண்டு சொல்ல, அப்பாவும் நிப்பாட்டுற யோசினையில இருக்கிறாராம். இதுக்குள்ள எழுதினவவின்ர தங்கச்சிக்கு ஆவணிக் கடைசியில கனடா மாப்பிள்ளையோட கலியாணம். ஆனபடியால் வெளியில ஆருக்கும் மூச்சு விடக்கூடாது எண்டு அம்மா சத்தியம் வாங்கியிருக்கிறா. பிஎச்ஐ (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) வீட்டுக்கு வந்து விசாரிக்கேக்க "நானும் அவரும் மட்டும்தான் இஞ்ச இருக்கிறம்" எண்டு சொல்லி அனுப்பியும் போட்டா.

கேள்வியள் இதுதான்: கோப்பை வேறயாக்கினது காணுமோ, பிள்ளைக்குப் பாலை நிப்பாட்டவோ, பிறந்த உடன போட்ட ஊசி பிள்ளையளைக் காக்குமோ, இது பரம்பரையா எங்களுக்கும் வருமோ, கலியாணம் என்னாகும், அப்பாவுக்கு என்ன சாப்பாடு குடுக்கிறது.

அன்பான தங்கச்சி,

நீங்கள் முதல்ல கோப்பையைப் பற்றிக் கேட்டிருக்கிறியள், அம்மாவும் கவனம் முழுக்க கோப்பையிலதான் வைச்சிருக்கிறா. என்னைப் பயப்படுத்தினது பிஎச்ஐயிட்ட சொன்ன அந்த ஒரு வசனம். அந்த வீட்டில நீங்கள், உங்கட அவர், ரெண்டு பிள்ளையள், உங்கட தங்கச்சி, இவ்வளவு பேரும் இருக்கிறியள், பதிவில ஒருதரும் இல்லை. மூண்டு மாதத்துக்கு மேல மருந்தில்லாமல் இருமின ஆளோட ஒரே வீட்டில இருந்த பிள்ளையள் உங்கட பிள்ளையள், அதிலயும் ரெண்டு பேரும் ஐஞ்சு வயசுக்குக் கீழ. ஆனபடியால் மிச்சத்தை வாசிக்க முந்தி இதை முடிவெடுங்கோ. நாளைக்கோ நாளையிண்டைக்கோ ரெண்டு பிள்ளையளையும் தூக்கிக்கொண்டு, அப்பாவின்ர சிகிச்சைக் கார்ட்டையும் பிள்ளையளின்ர கிளினிக் கொப்பியையும் எடுத்துக்கொண்டு, யாழ்ப்பாணத்து மார்பு நோய் கிளினிக்குக்குப் போங்கோ, அல்லது அப்பா மருந்தெடுக்கிற இடத்தில கேளுங்கோ, எங்க போறதெண்டு அவையே சொல்லுவினம். காசு ஒண்டும் தேவையில்லை. போய் "இந்தப் பிள்ளையள் ரீபிக்காரரோட ஒரே வீடு" எண்டு வாயைத் திறந்து சொல்லுங்கோ. அதைச் சொல்லாட்டி சாதாரணத் தடிமன் எண்டு பார்த்து அனுப்பிப்போடுவினம்.

ஏன் பிள்ளையளுக்கு இவ்வளவு அவசரம் எண்டு சொல்லுறன். ரீபிக் கிருமி உடம்புக்குள்ள போன எல்லாருக்கும் வருத்தம் வாறேல்ல. உலகத்தில நாலில ஒரு பங்குச் சனத்துக்கு இந்தக் கிருமி தொத்தித்தான் கிடக்கு, அதில பத்தில ஒரு ஆளுக்கும் குறைவாத்தான் வாழ்நாளில எப்பவாவது வருத்தமா மாறும், மற்றவையின்ர உடம்பு அதை அடக்கி வைச்சிருக்கும். வளர்ந்த ஆக்களின்ர கணக்கு இது. சின்னப் பிள்ளையளுக்கு அந்த அடக்கிற சக்தி இல்லை. ஒரு வயசுக்குள்ள தொத்தினால், மருந்து குடுக்காட்டி, பத்தில மூண்டு நாலு பிள்ளைக்கு வருத்தமாவே மாறலாம், அதுவும் சில கிழமை, சில மாதத்துக்குள்ள. நெஞ்சில மட்டும் நிக்காது, மூளையைச் சுத்தின சவ்வுக்கும் போகும், அப்பிடிப் போனால் பிள்ளை தப்பினாலும் வலிப்பு, காது கேளாமை எண்டு ஏதாவது மிஞ்சிப்போகும்.

இதைத் தடுக்க மருந்து இருக்கு. இதுதான் கனபேருக்குத் தெரியாத விசயம். கிளினிக்கில பிள்ளையளை வடிவாச் சோதிச்சு, எக்ஸ்ரே எடுத்து, முழங்கைக்குக் கீழ தோலுக்குள்ள ஒரு சின்ன ஊசி போடுவினம், மான்ரூ ரெஸ்ற் எண்டு சொல்லுறது, ரெண்டு மூண்டு நாளால திரும்பப் போனால் அந்த இடம் எவ்வளவு தடிச்சிருக்கெண்டு அளந்து பார்ப்பினம், அதுமட்டும் சொறிய விடாதேங்கோ. வருத்தம் இல்லையெண்டு உறுதியானால், வராமல் தடுக்கிற குளிசை குடுப்பினம். ஐசோனியசிட் எண்ட ஒரு மருந்தை 6 மாதம் குடுக்கிற முறையும் இருக்கு, ரெண்டு மருந்து சேர்த்து 3 மாதம் குடுக்கிற முறையும் இருக்கு, உங்கட பிள்ளைக்கு எது எண்டு அங்க இருக்கிற டொக்டர் பார்த்துச் சொல்லுவார். பிள்ளை ஓடியாடி விளையாடுது, ஒரு குறையும் இல்லை, பேந்தேன் 6 மாதம் குளிசை எண்டு இடையில விடுற தாய்மார் கனபேர். விடாதேங்கோ. பிள்ளை நல்லா இருக்கேக்க குடுக்கிறதுக்குத்தான் அந்த மருந்து. ரெண்டு கிழமையா விடாத இருமல், காரணமில்லாத காய்ச்சல், நிறை ஏறாமல் நிக்கிறது, விளையாட மனமில்லாமல் சோர்ந்து கிடக்கிறது, கழுத்தில கழலை, இதில ஏதாவது ஒண்டு இருந்தால் கிளினிக் நாள் மட்டும் பாத்திருக்கவேண்டாம், அண்டைக்கே கொண்டுபோங்கோ.

பிறந்த உடன போட்ட ஊசியைப் பற்றிக் கேட்டனீங்கள். பிசிஜி. கையில தழும்பு இருக்குது எண்டு ஆறுதல்படுறியள், சரி, அந்த ஊசி மூளைக்குப் போற மாதிரிக் கடும் ரீபியில இருந்து சின்னப் பிள்ளையளை நல்லாக் காப்பாத்தும், ஆனால் முழுக்கக் காக்கும் எண்டில்லை, வளர்ந்தாப்பிறகு நெஞ்சில வாற ரீபியைத் தடுக்கிறதில அதின்ர பலன் குறைவு. அப்பாவின்ர கையிலயும் தழும்பு இருக்கலாம், பாருங்கோ. ஆகவே தழும்பு இருக்கிற பிள்ளையையும் கிளினிக்குக்குக் கொண்டுபோகத்தான் வேணும்.

பாலை நிப்பாட்டாதேங்கோ, ஒரு நேரம்கூட. தாய்ப்பாலில ரீபி வராது. நாளைக்கு உங்களுக்கே ரீபி எண்டு தெரியவந்தாலும் மாஸ்க் போட்டுக்கொண்டு, குளிசையும் போட்டுக்கொண்டு, பால் குடுக்கலாம் எண்டுதான் நாங்கள் சொல்லுறது.

இப்ப கோப்பைக்கு வருவம். ரீபி தொத்துறது காத்தால. நெஞ்சில ரீபி இருக்கிற ஆள் இருமேக்க, தும்மேக்க, சத்தமாக் கதைக்கேக்க கண்ணுக்குத் தெரியாத துளியள் வெளியில வரும், பூட்டின அறைக்குள்ள சாம்பிராணி போட்டால் புகை நிக்கிற மாதிரி அது மணித்தியாலக் கணக்கா அந்தரத்தில நிக்கும், அதை இன்னொரு ஆள் இழுத்தால்தான் தொத்தும். கோப்பையால, கிளாஸால, சோத்தால, தொட்டதால, உடுப்பால, ஒரே கக்கூசுக்குப் போனதால தொத்தாது. கோப்பையைச் சவுக்காரம் போட்டுக் கழுவினால் காணும், எல்லாரின்ர கோப்பையோடயும் அடுக்கி வையுங்கோ. வேற கோப்பை வைச்சதால ஒருதருக்கும் பலனில்லை, அப்பாவுக்கு மட்டும் ஒவ்வொரு நேரச் சாப்பாட்டிலயும் மனம் நோகும்.

கொட்டில் விசயம் அதைவிட மோசம். யன்னல் இல்லை, விறகும் சீமெந்துத் தூசியும், இருட்டு, இருமலுக்கும் கூடாது, கிருமிக்கு அது வசதியான இடம். சாப்பாடு குடுக்க அம்மா அதுக்குள்ள குனிஞ்சு போய்வாற ஒவ்வொரு முறையும் நாள் முழுக்க அடைஞ்சு கிடந்த காத்தைத்தானே இழுக்கிறா? அவரை இண்டைக்கே வெளியில எடுங்கோ. முன் விறாந்தை திறந்த விறாந்தை எண்டால் அதில படுக்கட்டும், நல்ல காத்து. இல்லாட்டி ரெண்டு பக்கம் யன்னல் இருக்கிற அறையைக் குடுங்கோ, யன்னல் பகலும் இரவும் திறந்து கிடக்கட்டும். எங்கட ஊரில நுளம்புக்குப் பயந்து பொழுதுபட முந்தியே யன்னல் எல்லாம் சாத்திப்போடுவினம், உங்கட வீட்டில அதை விட்டிட்டு நெற் கட்டிப் படுங்கோ. பாயையும் தலகணியையும் வெய்யிலில போடுங்கோ, நேர் வெய்யிலில இந்தக் கிருமி கெதியாச் சாகும்.

குளிசை துவங்கி ரெண்டு கிழமை மட்டும் கொஞ்சம் கூடக் கவனம். அவர் தனியப் படுக்கட்டும், ஆக்களோட இருக்கேக்க மாஸ்க் போடட்டும், இருமேக்க லேஞ்சியால வாயைப் பொத்தட்டும், சளியை முத்தத்தில துப்பாமல் மூடி இருக்கிற ஒரு ரின்னில துப்பி கக்கூசுக்க ஊத்தித் தண்ணி அடிக்கட்டும். மருந்துக்குக் கேக்கிற சாதாரண ரீபி எண்டால், ஒழுங்காக் குளிசை போட ரெண்டு கிழமையில தொத்துற தன்மை நல்லாக் குறைஞ்சு போகும். பேந்து ஆறுதலா அவரை வீட்டுக்குள்ள எடுக்கலாம், எப்ப எண்டதைக் கிளினிக்கில ஒரு வார்த்தை கேட்டிட்டுச் செய்யுங்கோ. மகன் இப்பவும் முத்தத்து வேப்பமரத்துக்குக் கீழ, வெளிச்சத்திலயும் காத்திலயும், கொஞ்சம் எட்ட நிண்டு அம்மப்பாவோட கதைக்கலாம். அதை மறிக்காதேங்கோ. அப்பா குளிசையைத் தொடர்ந்து போட அந்தப் பிள்ளையின்ர சத்தமும் வேணும்.

அப்பாவின்ர குளிசையைப் பற்றித்தான் நான் கூட எழுதவேண்டிக் கிடக்கு, ஏனெண்டால் உங்கட வீட்டுப் பிள்ளையளுக்கு அவர் குளிசையை விடாமல் போடுறதைப்போல பெரிய பாதுகாப்பு வேற இல்லை.

சலம் செம்மஞ்சளாப் போறது ரிஃபாம்பிசின் எண்ட மருந்தின்ர நிறம். வேர்வை, கண்ணீர்கூட அந்த நிறத்தில வரலாம், வெள்ளைப் பெனியனில கறையும் பிடிக்கும். கிட்னிக்கு ஒண்டுமில்லை. பார்க்கப்போனால் அந்த நிறம் வாறது நல்லது, மருந்து உள்ளுக்குப் போகுது எண்டு தெரியும். பக்கத்து வீட்டு மாமாவுக்கும் இதைச் சொல்லிவிடுங்கோ, அவர் நல்ல மனசோடதான் சொல்லியிருப்பார், ஆனால் உப்பிடிச் சொன்ன ஒரு வார்த்தையால குளிசையை விட்டவை இருக்கினம்.

அப்பா போடுறது நாலு மருந்து ஒரு குளிசைக்குள்ள சேர்ந்தது: ரிஃபாம்பிசின், ஐசோனியசிட், பைரசினமைட், எதம்பியூட்டோல். முதல் 2 மாதம் இந்த நாலும், பேந்து 4 மாதம் முதல் ரெண்டும், எல்லாமா 6 மாதம். எத்தினை குளிசை எண்டது அவரின்ர நிறையைப் பார்த்து. அன்ரிபயோட்டிக் எண்டால் ஐஞ்சு நாள், ஏழு நாள் எண்டு பழகின சனத்துக்கு 6 மாதம் எண்டது பெரிய நீளமாத்தான் தெரியும். இந்தக் கிருமி மெத்தச் சோம்பலான கிருமி, மற்றக் கிருமியள் அரை மணித்தியாலத்துக்கு ஒருக்கா ரெண்டாப் பெருகினால் இது பெருக பதினாறு இருபது மணித்தியாலம் எடுக்கும், சிலது பெருகாமல் சும்மா உறங்கிக் கிடக்கும், உறங்கிறதை மருந்தால கொல்லுறது கஷ்டம். முதல் மாதத்தில பெரும்பகுதி செத்துப்போக, இருமல் நிக்கும், பசி வரும், நிறை ஏறும், ஆள் தேறீட்டன் எண்டு நினைச்சு மற்ற மாதம் வேலைக்கும் வெளிக்கிட்டு குளிசையையும் விட்டிடும். மிஞ்சிக் கிடந்த கிருமி பிறகு எழும்பி வரேக்க பழைய மருந்துக்குக் கேளாத கிருமியாவும் வரலாம். அப்பிடி வந்தால் மருந்து வேற, கரைச்சல் கூட, வீட்டில மற்றவைக்குத் தொத்தினாலும் அந்தக் கேளாத கிருமிதான் தொத்தும். சளியில ஜீன் எக்ஸ்பேட் எண்ட ரெஸ்ற் செய்தால் ரிஃபாம்பிசினுக்குக் கேக்குமோ கேளாதோ எண்டு ரெண்டு மணித்தியாலத்துக்குள்ளயே தெரியும். அப்பாவுக்கு அது செய்ததோ எண்டு ஒருக்காக் கேட்டுப்பாருங்கோ.

ஒவ்வொரு நாளும் ஒரு ஆளுக்கு முன்னால குளிசையைப் போடச் சொல்லுறது நம்பிக்கையில்லாமல் இல்லை, 6 மாதம் தனிய நிண்டு போடுறது எந்த மனிசருக்கும் கஷ்டம் எண்டபடியால்தான். கிட்ட இருக்கிற ஆசுப்பத்திரியில போட ஒழுங்கு செய்திருப்பினம், தூரம் எண்டால் கதைச்சு வேற கிட்டின இடத்துக்கு மாத்தலாம். போடுற குளிசைக்குக் கார்ட்டில அடையாளம் விழும். 2 மாத முடிவில சளியைத் திரும்பப் பார்ப்பினம், பிறகு 5ஆம் மாதத்திலயும் கடைசியிலயும். இந்தச் சளிப் பரிசோதனையைத் தவறவிடாதேங்கோ. சளி எடுக்கிறதிலயும் ஒரு முறை இருக்கு. விடிய எழும்பின உடன, வாயைத் தண்ணியால கொப்பளிச்சுப்போட்டு, வெளியில முத்தத்துக்கு வந்து, ஆழமா மூச்சு இழுத்துக் கொஞ்சம் பிடிச்சு விட்டு, அப்பிடி ரெண்டு மூண்டு தரம் செய்து, நெஞ்சின்ர அடியில இருந்து இருமி எடுக்கோணும். கொஞ்சம் தடிப்பா, மஞ்சள் கலந்து வந்தால் அதுதான் சளி. வெறும் எச்சிலைத் துப்பிக் குடுத்தால் கிருமி இருந்தும் இல்லை எண்டு வரலாம்.

வயித்தைப் பிரட்டுது எண்டால் குளிசையை விடாமல், கொஞ்சம் சாப்பிட்டிட்டுப் போடலாமோ, நேரத்தை மாத்தலாமோ எண்டு கிளினிக்கில கேளுங்கோ. கஸ்ரிக் பாணியை ரீபிக் குளிசையோட சேர்த்துக் குடிக்கவேண்டாம், மருந்து உடம்பில சேராது, ஒண்டு ரெண்டு மணித்தியாலம் இடைவெளி வேணும். ஆனால் சில குறியள் வந்தால் அடுத்த குளிசையைப் போடாமல் அண்டைக்கே ஆசுப்பத்திரிக்குப் போகோணும், இதை வடிவா ஞாபகம் வையுங்கோ: கண் மஞ்சளாகிறது, விடாத சத்தி, சாப்பாட்டைப் பார்த்தாலே அருவருப்பு, வலப்பக்க வயித்தில நோ. அது ஈரல் தாக்கப்படுற குறி. கண்பார்வை மங்கினாலும், சிவப்பும் பச்சையும் பிரிச்சுத் தெரியாட்டியும் அப்பிடித்தான், எதம்பியூட்டோலால வாறது. கால் விறைப்பு, எரிவு வந்தால் விற்றமின் பி6 குடுப்பினம், சீனி இருக்கிறவைக்கு இது கூட வரும், சொல்லாமல் இருக்கவேண்டாம். மூட்டு நோவும் வரலாம், பெரும்பாலும் பயப்பிட ஒண்டுமில்லை. அப்பா கள்ளுக் குடிக்கிறவரோ எண்டு நீங்கள் எழுதேல்ல. குடிக்கிறவர் எண்டால் இந்த 6 மாதமும் தவறணைப் பக்கம் போகவேண்டாம், மருந்தும் குடியும் ரெண்டும் ஒரே ஈரலைத்தான் போய்த் தாக்கும். சுருட்டும் அப்பிடியே, நெஞ்சு ஆறவிடாது.

சீனி வருத்தத்தை ஏன் ஒருதரும் யோசிக்கேல்ல எண்டுதான் எனக்குக் கவலை. சீனி இருக்கிறவைக்கு ரீபி வாற சந்தர்ப்பம் மற்றவையைவிட ரெண்டு மூண்டு மடங்கு கூட. எங்கட ஊரில வீட்டுக்கு ஒருதருக்கு சீனி இருக்குது, அவையில ஆருக்காவது ரெண்டு கிழமைக்கு மேல இருமல் நிண்டால் அன்ரிபயோட்டிக்கை மாத்தி மாத்திக் குடுக்க முந்தி சளியைப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கோ. சில அன்ரிபயோட்டிக் ரீபிக் கிருமியையும் கொஞ்சம் அடக்கும், குறைஞ்ச மாதிரிக் காட்டிப்போட்டுப் பிறகு கூடும், அதால கண்டுபிடிக்கப் பிந்தும். அப்பாவுக்கு இன்னொரு விசயமும் இருக்கு. ரிஃபாம்பிசின் சில சீனி மருந்தின்ர வேலையைக் குறைச்சுப்போடும், கிளிக்கிளசைட் மாதிரியானதை. ஆனபடியால் வழமையான குளிசை போட்டும் சீனி ஏறும். சீனி ஏறிக் கிடந்தால் ரீபியும் ஆறாது. சீனிக் கிளினிக்கில ரீபி மருந்து போடுறதைச் சொல்லுங்கோ, ரீபிக் கிளினிக்கில சீனிக் கொப்பியைக் காட்டுங்கோ, ரெண்டு இடத்திலயும் ஒளிக்கவேண்டாம். எச்ஐவிக்கும் இரத்தம் எடுத்திருப்பினம், ரீபிக்காரர் எல்லாருக்கும் அதைப் பார்க்கிறது வழமை, அதுக்காக ஆரும் மனம் குழம்பவேண்டாம்.

பரம்பரையோ எண்ட கேள்விக்கு, இல்லை. ஒரு வீட்டில தகப்பனுக்கும் மகனுக்கும் வாறதைப் பார்த்து உலகமே ஒரு காலம் அப்பிடித்தான் நம்பினது, 1882ஆம் ஆண்டு பங்குனி 24ஆம் திகதி ரொபேட் கொக் எண்ட ஜேர்மன் டொக்டர் கிருமியைக் காட்டினாப்பிறகுதான் அந்தக் கதை முடிஞ்சது. ஒரே வீட்டில வாறதுக்குக் காரணம் ஒரே காத்து.

அம்மாவில கோவிக்காதேங்கோ. அம்மாவின்ர தாய் தகப்பன் காலத்தில சயரோகம் எண்டால் மயிலிட்டி ஆசுப்பத்திரியில மாதக்கணக்கா விட்டிட்டு வாறது, போனவர் திரும்பி வருவாரோ எண்டு தெரியாது. ஸ்ரெப்ரோமைசின் எண்ட முதல் மருந்தே 1943இலதான் கண்டுபிடிச்சது, அதுக்கு முதல் நல்ல காத்தும் சாப்பாடும் ஓய்வும்தான் வைத்தியம், மருந்தில்லாட்டி பாதிப்பேர் தப்பாத வருத்தம் இது. அந்தப் பயம் வீட்டுக்கு வீடு வழிவழியா வந்து இப்ப அம்மாவின்ர கையால கோப்பையைப் பிரிச்சு வைக்குது. அவவுக்கு ஆறுதலா விளங்கப்படுத்துங்கோ. நீங்கள் சொல்லிக் கேளாட்டி அடுத்த முறை கிளினிக்குக்கு அவவையும் கூட்டிக்கொண்டு போங்கோ, நேர்ஸ் ஒராள் இருந்து கதைச்சால் கேப்பா. எப்பிடியும் அவவையும் சோதிக்கத்தானே வேணும்.

பிஎச்ஐக்கு உடன போன் எடுத்து, அல்லது எம்ஓஎச் (சுகாதார வைத்திய அதிகாரி) ஒஃபிசுக்குப் போய், வீட்டில இருக்கிற எல்லாற்ற பேரையும் வயசையும் சரியாச் சொல்லுங்கோ. அம்மா சொன்னதைப் பெரிசாத் தூக்கமாட்டினம், இப்பிடிச் சொல்லுற வீடு அவைக்குப் புதிசில்லை. ரீபி சட்டப்படி அறிவிக்கவேண்டிய வருத்தம், ஆனால் அறிவிக்கிறது எண்டால் ஊருக்குப் பறை அடிக்கிறதில்லை. அவை வாறது தொத்தினவையைத் தேடிப் பிடிச்சு மருந்து குடுக்க. ரோட்டில நிண்டு விசாரிக்கவேண்டாம், சிவில் உடுப்போட பின்னேரம் வாங்கோ எண்டு கேட்டாலும் கேப்பினம். அப்பாவோட வேலை செய்த பொடியளையும் மறக்காதேங்கோ. ஒரே வான் வண்டியில போய்வந்தவை, பூட்டின வீட்டுக்குள்ள நிண்டு பூச்சு வேலை செய்தவை, அவையின்ர பேரையும் குடுங்கோ. ஆற்ற வீட்டால வந்தது எண்டு சொல்லாமலே கூப்பிட்டுப் பார்க்க ஏலும்.

ஊர் முழுக்கச் சொல்லவேணும் எண்டு நான் கேக்கேல்ல. கோயிலில, சந்தையில ஆரும் கேட்டால் "நெஞ்சில சளி, மருந்தெடுக்கிறார்" எண்டு சொல்லிப்போட்டு வாங்கோ. அது உங்கட வீட்டு விசயம். சோதிக்கவேண்டிய ஆக்களுக்கும் வைத்தியம் பார்க்கிறவைக்கும் மட்டும் மறைக்கக்கூடாது.

கலியாணம் நடக்கும். பங்குனித் துவக்கத்தில குளிசை துவங்கினவர் எண்டால் ஆவணிக் கடைசியில அவருக்குக் கடைசிக் குளிசையள் முடியிற நேரம், ஒழுங்காப் போட்டிருந்தால் ஆருக்கும் தொத்தாது, மணவறையில இருந்து தாரை வார்த்துக் குடுக்க அவருக்கு ஒரு தடையும் இல்லை. நீங்கள் யோசிக்கவேண்டியது தங்கச்சியைப் பற்றி. கனடா மெடிக்கலில 11 வயசும் அதுக்கு மேலயும் உள்ள எல்லாருக்கும் நெஞ்சு எக்ஸ்ரே எடுக்கிறவை, வீட்டில ஆருக்கும் ரீபி இருந்ததோ எண்டும் கேப்பினம். இப்ப ஒளிச்சுப்போட்டு, அவவுக்கு உள்ளுக்க வருத்தம் இருந்து அது கொழும்பில அந்த எக்ஸ்ரேயில தெரியவந்தால், சிகிச்சை முழுக்க முடிச்சு சளி சுத்தம் எண்டு காட்டும் மட்டும் பயணம் நிக்கும். இப்பவே சோதிச்சு ஒண்டுமில்லை எண்டால் அந்த ரிப்போட் கையில இருக்கும், ஏதாவது இருந்தால் இண்டைக்குத் துவங்கினால் ஆவணிக்குள்ள பெரும்பகுதி முடிஞ்சிடும். முழுசா மருந்தெடுத்து மாறின ரீபியால விசா மறுக்கப்படுறேல்ல, கடிதமும் எக்ஸ்ரேயும் கேப்பினம், போனாப்பிறகு அங்க கிளினிக்கில ஒருக்காக் காட்டச் சொல்லுவினம், அவ்வளவுதான். ஒரு கடதாசியையும் எறியாதேங்கோ. மாப்பிள்ளை வீட்டுக்குச் சொல்லுறதோ விடுறதோ உங்கட குடும்பத்தின்ர முடிவு, ஆனால் என்ர மனசில பட்டதைச் சொல்லுறன், மாப்பிள்ளைப் பொடியனிட்டயாவது தங்கச்சி தானே சொல்லுறது நல்லம். அப்பாவுக்கு வருத்தம் வந்தது, மருந்தெடுத்தார், மாறுது எண்டு சொல்லுறதில குறை ஒண்டுமில்லை.

வேலைக்குப் போகாமல் வீட்டில கஷ்டம் எண்டும் எழுதியிருந்தியள். பிரதேச செயலகத்தில சமூக சேவை உத்தியோகத்தரிட்ட ரீபிக்காரருக்குக் குடுக்கிற உதவிப்பணத்தைப் பற்றிக் கேளுங்கோ, கிளினிக்கில கடிதம் வாங்கிக்கொண்டு போங்கோ. கேக்காத காரணத்தால எடுக்காமல் விட்டவை கனபேர்.

சாப்பாட்டில பத்தியம் ஒண்டும் இல்லை. மீனை நிப்பாட்டி, முட்டை சூடு எண்டு விலக்கி, வெறும் கஞ்சியில விடாதேங்கோ, ஏற்கெனவே உருகின உடம்பு அது. முட்டை, சின்ன மீன், பருப்பு, பயறு, முருக்கங்கீரை இதுகளைக் கூட்டிக் குடுங்கோ, சோத்தைச் சீனிக்குத் தக்க அளவில வையுங்கோ. ஒடியல் கூழ் ஆசைப்பட்டால் மீனும் இறாலும் நிறையப் போட்டு ஒரு நாள் காச்சிக் குடுக்கலாம், அளவோட. மாதம் மாதம் கிளினிக்கில நிறை பார்க்கேக்க கூட நில்லுங்கோ, நிறை ஏற ஏறக் குளிசையின்ர எண்ணிக்கையும் மாத்தவேண்டி வரலாம், அவை மறந்தால் நீங்கள் கேளுங்கோ.